கடைசி வரிசை நாற்காலியில் அமர்பவர்

ஆண்டாய்வு என்ற சொல்லைக் கேட்டால் அரசுப் பள்ளியில் படித்த எவருக்கும் சுண்ணாம்பு வாசனை நினைவுக்கு வரும். ஒரு வாரம் முன்பே பள்ளி பரபரப்பாகிவிடும். ஒட்டடை அடிப்பார்கள், பானையைக் கழுவிக் கவிழ்ப்பார்கள், பீரோவுக்குள் பூட்டிக் கிடந்த உலக வரைபடம் வெளியே வந்து ஆணியில் தொங்கும். ஆசிரியர்கள் இரவெல்லாம் விழித்துப் பாடக்குறிப்பு எழுதி முடிப்பார்கள். "அதிகாரி கேள்வி கேட்டால் எல்லோரும் கையைத் தூக்க வேண்டும்; பதில் தெரிந்தவர் வலது கை, தெரியாதவர் இடது கை" என்று ஓர் ஆசிரியர் சொல்லிக்கொடுத்த கதை தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் எத்தனை ஆசிரியர்களின் பெயரில் உலவுகிறதோ! உண்மையா என்று யாரும் விசாரிப்பதில்லை. கேட்டவுடன் நம்பிவிடுகிறோம், அவ்வளவுதான்.

அந்த நாளில் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போடப்படும். அதில் அமர்பவர் பத்து நிமிடம் பாடத்தைக் கவனிப்பார், இரண்டு கேள்வி கேட்பார், நான்கைந்து நோட்டுகளைப் புரட்டுவார், பதிவேட்டில் பச்சை மையால் எழுதிவிட்டுப் போய்விடுவார். அவர் வந்து போனதால் மறுநாள் பாடம் எடுக்கும் விதத்தில் ஏதாவது மாறியதா? மாறாது. மாறுவதற்கான ஏற்பாடே அதில் கிடையாது. பின் எதற்காக அந்த நாற்காலி போடப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள 170 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1854 ஜூலையில் லண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகத்துக்கு வந்த உட்ஸ் கல்வி அறிக்கை, மாகாணந்தோறும் ஒரு கல்வித் துறையும் அதற்கொரு இயக்குநரும் அவருக்குக் கீழே ஆய்வாளர்களும் வேண்டும் என்றது. சென்னை மாகாணத்தில் அந்த இயக்குநர் பதவிக்கு முதலில் வந்தவர் அலெக்சாண்டர் ஆர்புத்நாட். சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள கல்வித் துறை வளாகத்தை 2022-ல் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் மாற்றிய பிறகும் ஆசிரியர்கள் டி.பி.ஐ. என்றே சொல்கிறார்கள். அந்த மூன்றெழுத்து, ஆர்புத்நாட் வகித்த 'டைரக்டர் ஆஃப் பப்ளிக் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற பதவியின் சுருக்கம்தான். ஆய்வாளர்கள் பள்ளிகளின் நிலையைப் பார்த்து எழுத வேண்டும், தேர்வு நடத்த வேண்டும், ஆசிரியர்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்றது அந்த அறிக்கை. அரசு மானியம் வாங்கும் தனியார் பள்ளிகளும் அந்த ஆய்வுக்குள் வந்தன. ஆலோசனை சொல்பவரும் கணக்குப் பார்ப்பவரும் தொடக்கத்திலேயே ஒரே ஆள் ஆனார்கள்.

இதன் உச்சம் இங்கிலாந்தில் அரங்கேறியது. 1862-ல் அங்கே கல்விக்குப் பொறுப்பாக இருந்த ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்த விதிகளின்படி பள்ளிக்குக் கிடைக்கும் பணம், ஆய்வாளர் வந்து ஒவ்வொரு குழந்தையாக நிறுத்தி நடத்தும் தேர்வைப் பொறுத்தது. வருகைக்கு ஒரு பங்கு, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் மீதி. ஒன்றில் தவறினால் அதற்கான தொகை போய்விடும். மலிவாகவாவது இருக்கும், இல்லையேல் தரமாகவாவது இருக்கும் என்பது லோவின் வாதம். கவிஞர் மாத்யூ ஆர்னால்ட் பிழைப்புக்காகப் பார்த்த வேலை பள்ளி ஆய்வாளர் வேலை. ஒன்றிரண்டல்ல, 35 ஆண்டுகள். உண்மையில் வாசிக்கவோ எழுதவோ கணக்குப் போடவோ தெரியாத குழந்தைகளையும், சாமர்த்தியமாகத் தயார்செய்தால் இந்தத் தேர்வில் தேறவைத்துவிட முடிகிறது என்று அவர் தன் மேலதிகாரிகளுக்கே எழுதினார். இடது கை வலது கைக் கதையின் ஆங்கில மூலம் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

சென்னை மாகாணமும் இந்த 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' என்ற முறையை 1860-களிலேயே எடுத்துக்கொண்டது. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரும்கூட ஆய்வாளர் வரும் நாளை எண்ணிக் கணக்குப் போடும் நிலைக்கு வந்தார். 1904-ல் வைஸ்ராய் கர்சன் அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானம் இந்த மானிய முறையைக் கைவிடச் சொன்னது. மானிய முறை போயிற்று. ஆய்வாளரைப் பற்றி ஆசிரியரின் அடிவயிற்றில் உட்கார்ந்த பயம் போகவில்லை. வருகிறவர் கையில் பேனா இருக்கிறது. அந்தப் பேனாவால் என் சோற்றில் கைவைக்க முடியும். இந்த ஒரு வரியில் நம் மேற்பார்வை முறையின் முக்கால்வாசிச் சிக்கல் அடங்கிவிடுகிறது.

சுதந்திர இந்தியாவில் இதைக் கவனித்துச் சொன்னது கோத்தாரி கல்வி ஆணையம். 1966-ல் அளித்த அறிக்கையில், நிர்வாகத்தையும் கல்வி மேற்பார்வையையும் ஒரே ஆளின் தலையில் கட்டாதீர்கள், பிரித்துவிடுங்கள் என்றது. சம்பளம், விடுப்பு, மாறுதல், கட்டடம் எல்லாம் ஒரு கையில் இருக்கட்டும். கற்பித்தலை மேம்படுத்தும் வேலை வேறு கையில் இருக்கட்டும். ஓர் உயர்நிலைப் பள்ளியைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளை ஒரு வளாகமாகச் சேர்த்து, ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கட்டும் என்ற யோசனையும் அதில் இருந்தது. இன்று நாம் குறுவள மையக் கூட்டம் என்று அழைப்பதன் தாத்தா அந்த யோசனைதான். ஆணையம் சொன்ன பிரிவினை தாள் அளவில் நடந்தது, தரையில் நடக்கவில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியரைப் பொறுத்தவரை சம்பளப் பட்டியலில் கையெழுத்திட்டவரும் வகுப்பைப் பார்வையிட்டவரும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தவரும் நெடுங்காலம் ஒரே அதிகாரியாகவே இருந்தார்.

அதே காலத்தில், கடலுக்கு அப்பால் ஹார்வர்டில் வேறொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. 1950-களின் பிற்பகுதியில் அங்கே ஆசிரியராகப் பயில வந்த இளைஞர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பி, பின்னால் அமர்ந்து பார்த்துக் கருத்துச் சொன்னார்கள் பேராசிரியர்கள். மாணவ ஆசிரியர்களிடமிருந்து வந்த புகார் நேரடியானது: நீங்கள் சொல்வது எங்களுக்கு உதவவில்லை. மோரிஸ் கோகன் என்ற பேராசிரியரும் அவரது குழுவினரும் அந்தப் புகாரை ஏற்றுக்கொண்டு, தாங்கள் செய்வதில் என்ன பிழை என்று தேடினார்கள். ஆசிரியப் பயிற்சி வரலாற்றில் பயிற்றுநர்கள் தங்களையே சந்தேகித்த அபூர்வ தருணம் அது. அந்தத் தேடலில் பிறந்ததை 'கிளினிக்கல்' மேற்பார்வை என்றார்கள். நோயாளியின் படுக்கையருகே நின்று மருத்துவம் பயில்வதுபோல, வகுப்பறைக்குள்ளேயே நடப்பது என்று பொருள். ராபர்ட் கோல்ட்ஹேமர் 1969-ல் அதை ஐந்து கட்டங்களாக வகுத்தார். பாடத்துக்கு முன் ஆசிரியரும் பார்க்க வருபவரும் பேசுவது, பாடத்தைப் பார்ப்பது, பார்த்ததை வருபவர் தனியே அமர்ந்து அலசுவது, இருவரும் உட்கார்ந்து பேசுவது, கடைசியாக, அந்தப் பேச்சு எப்படி நடந்தது என்று மேற்பார்வையாளரின் செயலையே அலசுவது.

முதல் கட்டமும் கடைசிக் கட்டமும்தான் இதன் உயிர். முதல் கட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் ஆசிரியர். "பின்வரிசைப் பெண் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, நான் அவர்களிடம் கேள்வி கேட்கிறேனா இல்லையா என்று மட்டும் எண்ணிச் சொல்லுங்கள்" என்று அவர் கேட்டால், வந்தவரின் வேலை எண்ணுவது. கரும்பலகைக் கையெழுத்தைப் பற்றி அன்று பேசக் கூடாது. கடைசிக் கட்டமோ மேற்பார்வையாளரையே கூண்டில் ஏற்றுகிறது. நம் ஊரில் அதிகாரியைப் பார்த்து, "நீங்கள் பேசிய விதத்தால் எனக்கு எதுவும் விளங்கவில்லை" என்று ஆசிரியர் சொல்வதைக் கற்பனை செய்து பாருங்கள்.

நடுவில் உள்ள பேச்சு எப்படி இருக்க வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாம் வகுப்பு, கழித்தல் பாடம். கரும்பலகையில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கும் கணக்கு. பலர் 25 என்று சரியாகப் போட்டிருக்கிறார்கள். நான்கு பிள்ளைகளின் சிலேட்டில் 35 இருக்கிறது. ஆய்வு அதிகாரியாக வந்தவர், "கழித்தலில் தேர்ச்சி குறைவு, மெல்லக் கற்போர் மீது கவனம் தேவை" என்று எழுதுவார். அந்த வாக்கியத்தைப் பெரும்பாலான பதிவேடுகளில் எழுதலாம், எங்கும் பொருந்தும். வேறொருவர் அதே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பாடம் முடிந்ததும் கேட்கிறார்: "டீச்சர், நான்கு பேருக்கும் ஒரே விடை, 35, வந்திருக்கிறதே, கவனித்தீர்களா?" ஆசிரியை யோசிக்கிறார். தப்பாகப் போட்டவர்களுக்கு ஆளுக்கொரு விடை வந்திருந்தால் கவனக் குறைவு எனலாம். நால்வருக்கும் ஒன்றே வந்திருக்கிறது என்றால் நால்வருக்குள்ளும் ஒரே விதி ஓடுகிறது. ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று முதல் வகுப்பில் யாரோ சொல்லிக்கொடுத்ததை அந்தப் பிள்ளைகள் விசுவாசமாகப் பின்பற்றியிருக்கிறார்கள். "அடடா, 'சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது' என்று நானே போன வாரம் சொன்னேன்" என்கிறார் ஆசிரியை. அடுத்த நாள் பத்துக் குச்சிக் கட்டுகளைக் கொண்டுவந்து ஒரு கட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று அவருக்கே தோன்றுகிறது.

இந்தப் பேச்சுக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். இதில் வந்தவர் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. பிள்ளைகளின் சிலேட்டில் இருந்ததை எடுத்துக் காட்டினார்; மீதியை ஆசிரியை பார்த்துக்கொண்டார். "நானே சொன்னேன்" என்ற அந்த ஒப்புதலை, கையில் பச்சை மைப் பேனா வைத்திருப்பவரிடம் அவர் சொல்லியிருப்பாரா என்பதுதான் கேள்வி. சொல்லியிருக்க மாட்டார். 17 (அ), 17 (ஆ) என்ற ஒழுங்கு நடவடிக்கை விதிகளை எண்ணால் மட்டுமே சொல்லிப் புரிந்துகொள்ளும் ஊழியர் உலகில், தன் தவறைத் தானே முன்வந்து சொல்வது விவேகம் ஆகாது.

பேனா இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்தில், பயிற்சி வகுப்பில் கேட்டதும் பார்த்ததும் மட்டும் வகுப்பறைக்குப் போய்ச் சேர்வதில்லை, அங்கே ஒருவர் கூட இருந்து பழக்கினால்தான் சேர்கிறது என்று காட்டினார்கள். ஆசிரியர்களே ஒருவருக்கொருவர் பயிற்சியாளராக இருக்கும் முறையைப் பரப்பினார்கள். 1996-ல் அவர்களே எழுதிய கட்டுரையில், அந்த முறையிலிருந்து வாய்மொழிக் கருத்துரையையே எடுத்துவிட்டோம் என்றார்கள். காரணம் எளிது. சக ஆசிரியர் ஒருவர் மற்றவரைப் பார்த்து "இது நன்றாக இருந்தது, இதை மாற்றலாம்" என்று தொடங்கியதும் அவர் அறியாமலே அதிகாரி ஆகிவிடுகிறார். கூட்டு முயற்சி கலைந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, பாடம் எடுப்பவரே கற்றுக்கொடுப்பவர், பார்ப்பவர் கற்றுக்கொள்பவர் என்று உறவைத் திருப்பிப் போட்டார்கள். சேர்ந்து திட்டமிடுவதில்தான் பயன் இருந்ததாம். கருத்துரைப் படிவங்களை அச்சடித்துக் குவிக்கும் நம் அலுவலகங்களுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஜப்பானியர்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் கடந்தார்கள். அங்கே பாட ஆய்வு என்று ஒரு மரபு, மெய்ஜி காலத்தில் வேர்விட்டது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். ஒருவர் எடுக்கிறார். மற்றவர்கள் பின்னால் அமர்வதில்லை. பிள்ளைகளின் பக்கத்தில் நின்று அவர்கள் எழுதுவதைக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு கூடிப் பேசும்போது விமர்சனத்துக்கு உள்ளாவது பாடம், எடுத்தவர் அல்ல. எல்லோரும் சேர்ந்து செய்த பாடம் என்பதால் ஒருவர் தலை மட்டும் உருளாது.

இதெல்லாம் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது, பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்களா என்று நிதித் துறைக்காரர் கேட்பார். கேட்க வேண்டியதுதான். மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் மூவரும் 2018-ல், வகுப்பறை வழிகாட்டுதல் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் விதத்தில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. மாணவர் தேர்ச்சியில் அதைவிடச் சிறியது, ஆனால் கணக்கில் கொள்ளத்தக்கது. அவர்கள் சொன்ன இன்னொன்றைத்தான் நான் அடிக்கோடிடுவேன். நூறு ஆசிரியர்களுக்கு மேல் விரிந்த திட்டங்களில் இந்தப் பலன் கணிசமாகச் சுருங்கிப்போகிறது. சிறிய குழுவில் தேர்ந்தெடுத்த வழிகாட்டிகளோடு நடந்தது பெரிய அளவில் நடக்கும்போது நீர்த்துவிடுகிறது.

நமக்கு நெருக்கமான சூழலுக்குத் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கலாம். அங்கே வடமேற்கு மாகாணத்தில் 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகள், ஏழைக் குழந்தைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிகளில் செட்ஸ்வானா தாய்மொழி வாசிப்பை மேம்படுத்த ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவுப் பள்ளிகளின் ஆசிரியர்களை மையத்துக்கு அழைத்துச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவில் அதே பாடத் திட்டம், அதே வாசிப்பு நூல்கள். கூடுதலாக ஒரு வழிகாட்டி வகுப்புக்கே அடிக்கடி வந்தார். வழிகாட்டி வந்த பள்ளிகளில் வாசிப்பு முன்னேற்றம் ஏறத்தாழ இரு மடங்கு. செலவும் கூடுதல்தான், ஆனால் செலவழித்த பணத்துக்குக் கிடைத்த பலனும் கூடுதல். பின்னர் வேறொரு மாகாணத்தில் நேரில் போவதற்குப் பதிலாகத் தொலைபேசியிலும் கையடக்கக் கணினியிலும் வழிகாட்டிப் பார்த்தார்கள். நேரில் போனதற்கு அது ஈடாகவில்லை.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். 1986 தேசியக் கல்விக் கொள்கையால் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. 1990-களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டமும், 2001-க்குப் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கமும் வட்டார வள மையங்களைக் கொண்டுவந்தன. அவற்றில் அமர்த்தப்பட்டவர்கள் ஆசிரியர் பயிற்றுநர்கள். பட்டதாரி ஆசிரியருக்கு இணையான நிலை. சம்பளப் பட்டியல் அவர்கள் கையில் இல்லை, விடுப்பு விண்ணப்பம் அவர்களிடம் வராது, குறிப்பாணை கொடுக்கும் அதிகாரம் கிடையாது. கோத்தாரி கேட்ட பிரிவினை ஏறத்தாழ அச்சு அசலாகக் கைக்கு வந்த தருணம் அது. ஒரு பக்கம் அதிகாரம் உள்ள அலுவலர். இன்னொரு பக்கம் அதிகாரம் இல்லாத, ஆனால் வகுப்புக்குள் வரும் உரிமை உள்ள சக ஆசிரியர்.

அந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்த காலம் ஒன்று உண்டு. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தம் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் கிராமப்புறப் பள்ளிகளைப் போய்ப் பார்த்து வந்த ஆசிரியர்களே அட்டைகளையும், கற்றலின் படிகளை வரிசையாகக் காட்டும் 'ஏணிப்படி'களையும் தயாரித்தார்கள். மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக வந்தார். 2007-08-ல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் அமர்ந்தார். கரும்பலகை பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. இருபது முப்பது ஆண்டுகள் நின்றுகொண்டு பாடம் எடுத்தவருக்கு இது சின்ன மாற்றமா? அட்டையை எப்படிக் கையாள்வது, ஐந்து குழுக்கள் ஐந்து வேலை செய்யும்போது எங்கே உட்காருவது என்று தடுமாறிய ஆசிரியருக்குப் பக்கத்தில் பாயில் அமர்ந்து ஒரு குழுவைக் கவனித்துக்கொண்ட பயிற்றுநர்களை அந்தக் காலத்து ஆசிரியர்கள் இன்றும் சொல்வார்கள். செயல்வழிக் கற்றலைப் பற்றி எனக்கு வேறு மாற்றுக் கருத்துகள் உண்டு. மேலிருந்து வந்த வேகமும் ஒரே அச்சில் வார்த்த விதமும் அதைப் பின்னால் பலவீனப்படுத்தின என்றே நினைக்கிறேன். ஆனாலும் கடைசி வரிசை நாற்காலி பாய்க்கு இறங்கியது அப்போதுதான்.

பிறகு என்ன நடந்தது என்பது எந்த அலுவலகத்துக்கும் புதிதல்ல. அதிகாரம் இல்லாத, கைப்பேசி உள்ள, தினமும் பள்ளிகளுக்குப் போகிற ஓர் ஊழியர் கையருகே இருக்கும்போது, நிர்வாகம் அவரைச் சும்மா விடுமா? விலையில்லாப் பொருள்கள் வந்து சேர்ந்தனவா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா, பள்ளி செல்லாப் பிள்ளைகள் எத்தனை, கல்வித் துறையின் புள்ளிவிவரத் தளமான எமிஸில் விவரம் ஏற்றியாயிற்றா என்று ஒவ்வொன்றாக அவர் தோளில் ஏறின. ஒவ்வொன்றும் தேவையான வேலைதான். எல்லாம் சேர்ந்தபோது பயிற்றுநர் புள்ளிவிவரம் திரட்டுபவர் ஆனார். பள்ளிக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி "இன்றைக்கு என்ன பாடம்?" என்பதிலிருந்து "அந்தப் படிவம் முடிந்ததா?" என்று மாறியது. அவர்களில் பலருக்கும் பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பிவிட வேண்டும் என்ற விருப்பம் இருப்பதில் வியப்பில்லை.

அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமாக 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கும், மறு ஆண்டில் நான்கு, ஐந்துக்கும் வந்தபோது, வகுப்பறைக் கவனிப்பு மறுபடியும் நடுமேடைக்கு வந்தது. பயிற்றுநர், வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டப் பயிற்சி நிறுவன விரிவுரையாளர் எல்லோரும் வகுப்பைப் பார்த்துக் கைப்பேசிச் செயலியில் பதிய வேண்டும். ஆசிரியர் கையேடு இருக்கிறதா, குழுக்களாக அமர்ந்திருக்கிறார்களா, துணைக் கருவி பயன்படுகிறதா என்று கேள்விகள். அதிகாரம் உள்ளவரும் அதிகாரம் இல்லாதவரும் ஒரே படிவத்தை நிரப்பத் தொடங்கிய அந்த நொடியில், ஆசிரியரின் கண்ணுக்கு இருவரும் ஒருவரே ஆகிவிட்டார்கள். கோத்தாரியின் பிரிவினை ஒரு செயலியின் திரையில் மறைந்தது. திட்டத்தின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. மூன்றாம் வகுப்புக்குள் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டும் என்பதைவிட முக்கியமான நோக்கம் தொடக்கக் கல்வியில் வேறில்லை. குறை, ஆம் இல்லை என்று பதில் வரும் படிவத்தில் 35 என்ற விடைக்கு இடமில்லாததுதான்.

"அப்படியானால் பள்ளிக்கு வராத ஆசிரியரை யார் பிடிப்பது? வழிகாட்டி வழிகாட்டி என்று கொஞ்சிக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?" என்று இந்த இடத்தில் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வராத ஆசிரியர், பிள்ளையை அடிக்கும் ஆசிரியர், மானியப் பணத்தைத் தின்னும் நிர்வாகம் ஆகியவற்றுக்கு அதிகாரியும் பேனாவும் வேண்டும், கூராகவே வேண்டும். ஆனால் அந்தச் சிலரைப் பிடிக்கப் போட்ட வலையை எல்லோர் மீதும் தினமும் வீசினால், தடுமாறும் நல்ல ஆசிரியர் தன் தடுமாற்றத்தை ஒளித்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார். பாடம் எடுக்கத் தெரியாததும் எடுக்க மனமில்லாததும் வெவ்வேறு நோய்கள். மருந்தும் வேறு.

தீர்ப்பு எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அதையாவது ஒழுங்காக எழுதலாம். அமெரிக்காவில் 2009-லிருந்து மூன்று ஆண்டுகள், ஏறத்தாழ 3,000 ஆசிரியர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வொன்று, கற்பித்தலைப் பார்த்து மதிப்பெண் போடுவது எவ்வளவு நம்பகமானது என்று பார்த்தது. ஒரே ஆள் இரண்டு பாடங்களைப் பார்ப்பதைவிட, இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு பாடம் பார்ப்பது நம்பகத்தைக் கூட்டுகிறது என்று கண்டது. பத்து நிமிடப் பார்வையில் ஒருவர் எழுதும் ஒரு வரி எந்த அளவுக்குத் தாங்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

டெல்லி அரசு 2016-ல் வேறொரு வழி பிடித்தது. பணியில் இருக்கும் ஆசிரியர்களிலிருந்தே 200 பேரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஐந்தாறு பள்ளிகளைக் கொடுத்து வழிகாட்டி ஆசிரியர் என்று பெயரிட்டது. கென்யா தன் தூசோமே வாசிப்புத் திட்டத்தில், ஏற்கெனவே இருந்த அலுவலர்களின் கையில் கையடக்கக் கணினியைக் கொடுத்து, பள்ளிக்குப் போய் வகுப்பைப் பார்த்ததற்குப் பதிவு இருந்தால் பயணப்படி என்று ஏற்பாடு செய்தது. பெட்ரோல் காசு என்பது கேட்பதற்கு அற்பமாக இருக்கலாம். மலைக் கிராமப் பள்ளிக்கு இருசக்கர வாகனத்தில் போய்வருபவரைக் கேட்டால் அற்பமில்லை என்பார்.

இன்னொரு குறை, யாரும் அதிகம் பேசாதது. வழிகாட்டிக்கு வழிகாட்டி யார்? ஒரு நல்ல பட்டதாரி ஆசிரியரைப் பயிற்றுநர் ஆக்கினால் அவர் தானாக நல்ல பயிற்றுநர் ஆகிவிட மாட்டார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் திறன் வேறு. நாற்பத்தைந்து வயது சக ஆசிரியரிடம் அவர் முகம் சுருங்காமல் ஒரு தவறைப் பற்றிப் பேசும் திறன் வேறு. தலைமையாசிரியருக்கும் இதே கதிதான். பதவி உயர்வு ஆணை வந்த மறுநாளே சக ஊழியர்கள் கீழ்ப் பணிபுரிபவர்கள் ஆகிவிடுகிறார்கள். எப்படி நடத்துவது என்று கற்றுத்தர ஆளில்லை. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் மாற்றுத்திறன் குழந்தைகளின் வீடுகளுக்குப் போகிறார். சில வீடுகளில் பார்க்கும் துயரத்தை அவர் இறக்கிவைக்கவும் இடமில்லை.

சமூகப் பணித் துறையில் இதற்கு நல்ல பாடம் உண்டு. ஆல்ஃபிரட் கடுஷின் 1976-ல் மேற்பார்வைக்கு மூன்று வேலைகளைச் சொன்னார்: நிர்வாகம், கற்றுக்கொடுத்தல், தாங்கிப்பிடித்தல். உளவியல் ஆலோசகர்களும் இதைப் பின்பற்றுகிறார்கள்; மேற்பார்வையாளர் ஒருவரிடம் தன் பணியைப் பற்றி முறையாகப் பேசாமல் ஆலோசகர் தொழில் நடத்தக் கூடாது என்று சில நாடுகளின் ஆலோசகர் அமைப்புகள் விதி வைத்திருக்கின்றன. நாள் முழுக்கப் பிறர் பாரத்தைச் சுமப்பவருக்கு அது உரிமை. நம் கல்வித் துறை மூன்றில் முதலாவதை இறுகப் பிடித்துக்கொண்டது, இரண்டாவதைப் பயிற்சி நாள்களுக்கு ஒதுக்கியது, மூன்றாவதை மறந்தேவிட்டது.

2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சியையும் வழிகாட்டுதலுக்கென ஒரு தேசிய இயக்கத்தையும் சொல்கிறது. அந்தக் கொள்கையோடு தமிழ்நாட்டுக்கு உள்ள பிணக்கு தனிக் கதை. மணிக் கணக்கால் இது தீராது என்பது மட்டும் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் தெரிகிறது. மணிக்கணக்கில் நடப்பது பயிற்சி. நான் சொல்லிக்கொண்டிருப்பது அந்த ஐந்து நிமிடத்தை.

அந்த ஐந்து நிமிடத்துக்கும் ஒரு நடைமுறைத் தடை உண்டு. தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் பெரும் பகுதி ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். இவர்களுக்கு ஓய்வுப் பாடவேளை என்பதே கிடையாது. பயிற்றுநர் காலையில் வந்து ஒரு பாடத்தைப் பார்க்கிறார். ஆசிரியை உடனே அடுத்த வகுப்புப் பிள்ளைகளைக் கவனிக்கத் திரும்பியாக வேண்டும். எப்போது பேசுவது? முன்பு பாயில் அமர்ந்த பயிற்றுநர்களில் சிலர் செய்ததுதான் வழி: ஆசிரியை பேசும் நேரத்துக்கு அவரது வகுப்பை இன்னொருவர் வாங்கிக்கொள்வது. இருவராகப் பள்ளிக்குப் போனால் ஒருவர் பிள்ளைகளோடு கதை சொல்லி உட்காரலாம், இன்னொருவர் ஆசிரியையோடு பேசலாம். ஒருவர் மட்டும் போனால் மிஞ்சுவது மதியச் சாப்பாட்டு வேளை. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள், சத்துணவு அம்மா சாம்பார் ஊற்றுகிறார், ஆசிரியை ஒரு கண்ணை வரிசையில் வைத்துக்கொண்டே நான்கு சிலேட்டுகளை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வருகிறார்.